சும்பாவின் கோடியில் ஆறு நாள்

முதல் நாள்: வெற்றிலைக் காய்

பாலியின் தென்பசாரில் ஏறிய சிறிய விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்தோனேசியாவின் சும்பா தீவில், தம்போலாகாவில் இறக்கிவிட்டது. பாலிக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு தீவு இருப்பது, ஜகார்த்தாவில் மூன்று ஆண்டு வேலை பார்த்த எனக்கே அப்போது தெரியாது. பாலியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பரப்பு. மக்களோ 2020 கணக்கெடுப்பின்படி எட்டு லட்சத்துக்கும் குறைவு. ஆகஸ்ட் மாதம், மழை நின்று நாளாகிறது. சாலையின் இருபுறமும் புல் காய்ந்து, குன்றுகள் சிங்கத்தின் முதுகைப் போலக் கிடக்கின்றன. 17-ஆம் தேதி சுதந்திர தினம் என்பதால் கடைக்குக் கடை மூங்கில் நட்டுச் சிவப்பு வெள்ளைக் கொடி கட்டியிருக்கிறார்கள்.

ஐரோப்பிய மாலுமிகள் சும்பாவுக்கு வைத்த பெயர் சந்தனத் தீவு. இந்தோனேசிய மொழியிலும் சந்தனம் ‘செந்தனா’தான். மரங்களைப் பெரும்பாலும் வெட்டிக் கப்பலேற்றித் தீர்த்துவிட்டார்கள். (கப்பலுக்கு இங்கே ‘கப்பல்’ என்றே பெயர், நம்மிடமிருந்து போன சொல்.) பெயர் மட்டும் இங்குள்ள குதிரை இனத்துக்கு மிஞ்சியிருக்கிறது: சாண்டல்வுட் குதிரை.

தீவின் மேற்கு ஓரத்தில் நான் தங்கும் பகுதிக்குக் ‘கோடி’ என்று பெயர். ஒலி ஒற்றுமை தற்செயலானதுதான். ஆனாலும் கோடியக்கரையை அறிந்த ஒருத்திக்கு, கடல் வந்து முடிக்கும் இடத்தில் அந்தப் பெயரைக் கேட்டதும் ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். நிலத் தகராறு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். புகழ்பெற்ற ரத்தெங்காரோ கிராமத்திலிருந்து நடக்கிற தூரம் என்பது போதும். சாப்பாட்டோடு ஒரு நாள் தங்க இரண்டரை லட்சம் ரூபியா, நம் பணத்தில் ஆயிரத்து முந்நூறு ரூபாய் அளவில்.

திண்ணையில் உட்கார்ந்த உடனே ஒரு ஓலைப் பெட்டி என் முன்னால் வந்தது. உள்ளே காய்ந்த பாக்குச் சீவல், ஒரு சிறிய புட்டியில் சுண்ணாம்பு, அப்புறம் விரல் நீளத்தில் பச்சையாக ஒரு காய். திப்பிலியை நீட்டிவிட்டதுபோல் இருந்தது. அதுதான் வெற்றிலைக் கொடியின் காய். நம் ஊரில் இலையைக் கிள்ளிக் கிள்ளி, கொடி காய்க்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். இங்கே இலையைவிடக் காய்க்குத்தான் மதிப்பு. காயின் நுனியைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடிக்க வேண்டும். காரம் உச்சிக்கு ஏறியது. வீட்டம்மா சிரித்தார். கிழக்கு இந்தோனேசியாவில் அம்மாவை ‘மாமா’ என்று அழைக்கிறார்கள். இந்த ஆறு நாளும் நான் மாமா என்று எழுதும் இடமெல்லாம் அறுபது வயதுக்கு மேலான இந்தப் பெண்மணியைத்தான்.

“சுண்ணாம்பு நான் சுட்டது. சந்தையில் வாங்குவது இப்படி இராது” என்றார்.

இரண்டாம் நாள்: உமா

வீட்டுக்கு இங்கே ‘உமா’ என்று பெயர். காலை முழுவதும் இந்த உமாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

கீழே கால்களுக்கு இடையில் பன்றியும் கோழியும். நடுவில் மூங்கில் பரப்பிய தளத்தில் மனிதர்கள். அதற்கு மேல், கோபுரம் போல் வானத்துக்கு எழும் கூரைக்குள் மரப்பு, அதாவது மூதாதையர். முன்னோர் வைத்துப் போன பொருள்களும் அங்கேதான் இருக்கின்றன. காரணமில்லாமல் யாரும் மேலே ஏறுவதில்லை. நான்கு பெரிய தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு மேல், உரலைக் கவிழ்த்ததுபோல் வட்டமான ஒரு மரத்தட்டு. எலி ஏறாமல் தடுப்பதற்கு. தட்டின் விளிம்பு, தலைமுறை தலைமுறையாகப் பட்ட கைகளால் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக இருக்கிறது. தூண்களுக்கு நடுவே அடுப்பு. அந்தப் புகை கூரைப் புல்லுக்குள் ஏறி ஏறி அதைப் பூச்சியிலிருந்து காக்கிறது. அடுப்பு எரியாத வீட்டின் கூரை சீக்கிரம் மட்கிவிடும் என்றார் மாமா. ஆள் குடியிராத வீடு பாழ் என்று நாமும் சொல்கிறோம். இங்கே அது கண்கூடு.

திண்ணையில் எருமைக் கொம்புகளும், கயிற்றில் கோத்த பன்றித் தாடை எலும்புகளும் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாவு அல்லது ஒரு சடங்கு. வீட்டின் கணக்கேடு அது.

கூரையின் தெற்குப் பக்கம் சரிந்திருக்கிறது. அலாங்-அலாங் என்ற புல் வேண்டும், நம் தர்ப்பையைப் போன்றது. மேய்ச்சலுக்காக ஒவ்வொரு கோடையிலும் குன்றுகளைக் கொளுத்துவதால் நீளமான புல் பக்கத்தில் கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து லாரியில் வர வேண்டும். வேய்வதற்கு ஊர் கூட வேண்டும், கூடிய ஊருக்குச் சோறும் பன்றியும் வேண்டும். தகரம் என்றால் ஒரே நாளில் ஏறிவிடும். சமையல் கொட்டகைக்குத் தகரம் போட்டாயிற்று. பெரிய கூரைக்குப் போட மாமாவின் கணவர் சம்மதிக்கவில்லை. பெரியவர் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன்.

மாலையில் ரத்தெங்காரோ. ஆறு கடலில் சேரும் முகத்தில், பாறைமேல், பதினைந்து மீட்டர் உயரத்துக்குக் கூரைகள். அலைக்கு எதிரே பெருங்கற் கல்லறைகள். நம் ஊர்களில் தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கும் கற்பதுக்கைகளைப் போன்றவற்றை இவர்கள் இன்றும் எழுப்புகிறார்கள், இன்றும் அதில் தங்கள் தாத்தாவை வைக்கிறார்கள். வாசலில் விருந்தினர் நோட்டு. பெயர், நாடு, கொடுத்த தொகை. குதிரைமேல் ஏற்றிப் படம் எடுக்க ஒரு விலை, சால்வைக்கு ஒரு விலை. பிள்ளைகள் மிட்டாய் கேட்டுச் சூழ்ந்துகொள்கிறார்கள். இதைத் தொல்லை என்று எழுதும் பயணிகளைப் படித்திருக்கிறேன், எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. அந்தக் கூரையைப் படம் எடுத்துப் போகிறவர்கள் பத்து லட்சம் பேர் பார்க்கும்படி காட்டுகிறார்கள். கூரைக்குப் புல் வாங்க ஒருவரும் பணம் அனுப்புவதில்லை. நோட்டில் நான் எழுதிய தொகை சிறியது. வெளியே வந்தபின் திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

மூன்றாம் நாள்: வேலி

இன்று எழுதப்போவதற்காகத்தான் இந்தப் பயணத்தையே எழுதத் தொடங்கினேன் என்று தோன்றுகிறது.

காலையில் பெரியவர் இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு, “கடலைக் காட்டுகிறேன், வா மகளே” என்றார். இங்கே ஆண்கள் ‘கத்தோப்போ’ என்னும் நீண்ட கத்தி இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. அவர் கோடி மொழியில் பேச, பேரன் இந்தோனேசிய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தான். முந்திரித் தோப்பைத் தாண்டி ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. தாழம்புதர் தெரிந்தது, அலைச் சத்தம் கேட்டது. அங்கே பாதை நின்றுவிட்டது. கான்கிரீட் கம்பம், முள்கம்பி நான்கு வரிசை. வேலி இருபுறமும் கண்ணுக்கு எட்டியவரை போய், கடைசியில் கடல் ஏறி நனைக்கும் மணலிலேயே இறங்கியிருக்கிறது. உள்ளே ஒரு கட்டடமும் இல்லை. புல், நான்கு ஆடுகள், இரண்டு பழைய கல்லறைகள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் பெரியவரின் தம்பி விற்ற நிலம் அது. விற்றபோது அளவு எப்படி என்று கேட்டேன். “இந்தத் தாழம்புதரிலிருந்து ஆற்றுமுகம் வரை” என்றார் பெரியவர், கையை வீசி. வாங்கியவர் வேறு தீவிலிருந்து வந்த ஒரு தரகர். அவருக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டுக்காரர் என்று ஊரில் பேச்சு. அவரை யாரும் பார்த்ததில்லை. பல ஆண்டு சும்மா கிடந்தது, ஊரும் எப்போதும்போல் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டாவோடு ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள். இப்படிக் கிடக்கும் நிலத்துக்கு இங்கே ‘லஹான் திதூர்’ என்று பெயர், தூங்கும் நிலம். விலை ஏறும்வரை தூங்குகிறது.

பணம் எங்கே போயிற்று? அவர்கள் அப்பாவின் சாவுக்கு. எருமைகள் வாங்கினார்கள். நல்ல கொம்புள்ள ஓர் எருமை இன்று இரண்டு கோடி ரூபியாகூடப் போகும் என்கிறார் பெரியவர், நம் பணத்தில் ஒரு லட்சம். நிலத்தை விற்று இறைச்சி தின்றார்கள் என்று நகரத்தில் ஏளனமாகச் சொல்லக் கேட்டேன். அப்படிச் சொல்வது அநியாயம். சாவுக்கு வரும் ஒவ்வொரு எருமையும் பன்றியும் கடன்; இன்னார் வீட்டிலிருந்து வந்தது, இன்னார் வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். மதுரைப் பக்கத்து மொய் நோட்டை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொய் திரும்பச் செய்யாதவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? தம்பி விற்றது கடனைத் தீர்க்க, கௌரவத்தைக் காக்க.

ஆனால் எதை விற்றார்? இதில்தான் இரண்டு தரப்பும் இரண்டு மொழி பேசுகின்றன. இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை நாட்டின் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்குப் பயன்படுத்தும் உரிமை உண்டு. அங்கே பதிவான நிறுவனத்துக்கு 30 ஆண்டுக்குக் கட்டட உரிமை, அதற்கு மேல் 20 ஆண்டு நீட்டிப்பு, பிறகு 30 ஆண்டு புதுப்பிப்பு. உள்ளூர்க்காரர் பெயரில் மறைமுகமாக வாங்கினால் செல்லாது. அந்த நிலம் அரசுக்குப் போய்விடும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதே சட்டம், மரபு வழக்கப்படி ஊருக்குப் பொதுவான நில உரிமையையும் ஒப்புக்கொள்கிறது; ஆனால் அது நடைமுறையில் இன்னும் இருக்கும்வரை என்ற நிபந்தனையோடு. காகிதத்தில் எழுதப்படாத ஓர் உரிமை இன்னும் இருக்கிறது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? பெரியவர் அந்த இரண்டு கல்லறைகளைக் காட்டுகிறார். “தம்பி புல்லைத்தான் விற்றான். இவர்களை விற்க அவனால் முடியாது. இவர்கள் எங்கே போவார்கள்?”

வேலி ஓரமாகக் கடல்வரை நடந்தேன். 2016-ஆம் ஆண்டு வந்த அதிபர் ஆணைப்படி, கடல் உச்சமாக ஏறும் இடத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் கரையோரப் பாதுகாப்புப் பகுதி. இந்த வேலியின் கடைசிக் கம்பத்தில் பாசி பிடித்திருக்கிறது. அலை அதன்மேல் அடித்துவிட்டுத் திரும்புகிறது. அந்தக் கம்பத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் குறைத்துக்காட்ட விரும்பவில்லை. சட்டம் இருக்கிறது, ஆணை இருக்கிறது, கம்பமும் இருக்கிறது.

நிலம் அளக்க வந்தால் இந்தத் தீவில் உயிர் போவதும் உண்டு. 2018 ஏப்ரலில், மேற்குச் சும்பாவின் மரோசி கடற்கரையில், சுற்றுலாவுக்காக ஒரு நிறுவனத்துக்குப் போன நிலத்தை அளக்கும்போது ஊரார் மறித்தார்கள். அன்று ஒரு விவசாயி குண்டு பாய்ந்து இறந்தார். அவர் பெயரைச் சும்பா முழுவதும் அறியும். பேரன் அதைச் சொன்னபோது குரல் தாழ்ந்தது.

நாங்கள் திரும்பி நடந்தபோது பெரியவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள்

மழையில்லை, தண்ணீர் இல்லை. காலையில் பிள்ளைகள் மஞ்சள் எண்ணெய் டப்பாக்களில் தண்ணீர் சுமந்து வந்தார்கள். நானும் இரண்டு நடை போனேன். தோளில் தழும்பு. அதற்குப் பிறகு குளிப்பதற்குக் கேட்க நாணமாக இருந்தது.

வாரச் சந்தை. பாக்கும் வெற்றிலைக் காயும் சிறு சிறு குவியலாக. வறுத்த முந்திரி வாங்கினேன். இரவு முழுக்க எழுத வேண்டும் என்று இருந்தேன், தூங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள்: வைத்தாபுலா

மோட்டார் சைக்கிளில் வைத்தாபுலாவுக்குப் போனோம், பேரன் ஓட்டினான். சும்பாவின் பழம்பொருள்களையும் துணிகளையும் சேர்த்துவைத்திருக்கும் பண்பாட்டு இல்லம் ஒன்று அங்கே இருக்கிறது. ராபர்ட் ரமோனே என்ற கத்தோலிக்கப் பாதிரியார் உருவாக்கியது. மரப்பு வழிபாட்டைச் சேர்ந்த பொருள்களை ஒரு பாதிரியார் காப்பது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

அங்கே ஓர் ஆசிரியையோடு வெகுநேரம் பேசினேன். நிலத்தைப் பற்றிக் கேட்டால் மதத்தில் போய் முடிந்தது. இந்தோனேசியாவில் அரசு ஏற்ற மதங்கள் ஆறு. மரப்பு அதில் இல்லை. முன்பெல்லாம் மரப்பு முறைத் திருமணத்தைப் பதிய முடியாது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் சான்றிதழில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். நிலமோ தகப்பன் வழியில் வருவது. தகப்பன் பெயரே இல்லாத பிள்ளை எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்த் தாத்தாவின் நிலத்தைக் கேட்பது? 2017 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், அடையாள அட்டையில் இத்தகைய நம்பிக்கைகளையும் குறிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. பெரியவரின் அட்டையில் இன்னும் புராட்டஸ்டன்ட் என்றுதான் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அந்நாளில் போட்டது.

கோடியில் இன்னொரு முறையும் உண்டு என்றார் ஆசிரியை. வீடும் நிலமும் தந்தை வழி. ஆனால் ‘வல்லா’ என்னும் இரத்தக் குலம் தாய் வழி. துணிக்கு அவுரி நீலம் ஏற்றும் இரகசியமும் தாயிடமிருந்து மகளுக்கே போகிறது. ஆக, பத்திரத்தில் ஆண்கள் கையெழுத்து. கடலுக்குப் போகும் பாதையில் பெண்களின் கால். விற்கும்போது பாதையில் நடப்பவர்களை யாரும் கேட்கவில்லை.

சுற்றுலாவே வேண்டாமா என்றேன். அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார். தெற்குக் கரையில் இருக்கும் நிஹிவாத்து (இன்று நிஹி சும்பா) விடுதியை, டிராவல் அண்ட் லெஷர் இதழ் வாசகர்கள் 2016, 2017 இரண்டு ஆண்டும் உலகின் தலைசிறந்த ஹோட்டலாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த விடுதியோடு சேர்ந்து 2001-இல் தொடங்கிய சும்பா அறக்கட்டளை, கிணறும் மலேரியா மருத்துவமும் கொடுத்திருக்கிறது. உள்ளூர் இளைஞர்களுக்கு ஹோட்டல் வேலை கற்றுத்தரும் சும்பா ஹாஸ்பிடாலிட்டி ஃபவுண்டேஷனும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாமாவின் மகளும் ஹோட்டல் வேலைதான், ஃப்ளோரஸ் தீவின் லபுவான் பாஜோவில். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். ஆசிரியையின் கவலை, விடுதி கட்டுகிறவரைப் பற்றியது அல்ல. கட்டாமல் வேலி மட்டும் போட்டுவிட்டுப் போகிறவரைப் பற்றியது. “விடுதி என்றால் சண்டை போடவாவது ஒரு வாசல் இருக்கும். வேலியிடம் யாரைப் போய்க் கேட்பது?”

அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விடுதியானாலும் வேலியானாலும், கரைக்கு இறங்கும் பாதையை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு மிச்சத்தை அளக்க வேண்டும். ஒருவர் பெயரில் பட்டா எழுதும் முன் அந்த உமாவைச் சேர்ந்த எல்லோரையும், பெண்களையும் சேர்த்து, திண்ணையில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ‘சக்ஸி’ என்கிறார்கள் பத்திரத்தில் சாட்சிக்கு; நம் சொல்லின் உறவுதான். பாதையில் நடப்பவளைவிடப் பாதைக்கு வேறு யார் சாட்சி?

ஆறாம் நாள்: சுண்ணாம்பு

மதியம் விமானம். விடியும் முன்பே மாமா எழுப்பிவிட்டார்.

கொட்டகைக்குப் பின்னால், நேற்று இரவு தேங்காய் மட்டைக்கும் விறகுக்கும் நடுவே அடுக்கித் தீ வைத்த கிளிஞ்சல்கள், சாம்பலுக்குள் உருக்குலையாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஒன்றைக் குச்சியால் தள்ளி ஓர் ஓட்டுச் சட்டியில் போட்டார். கொட்டாங்கச்சியில் தண்ணீர் எடுத்து விரலால் தெளித்தார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு சீறல். கிளிஞ்சலின் வரிகள் ஒவ்வொன்றாக வெடித்து, வடிவம் இருக்கும்போதே உள்ளிருந்து ஆவி வந்து, பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பொலபொலவென்று மாவாக உதிர்ந்துவிட்டது. நீற்றுதல் என்ற சொல்லைப் படித்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்கச் சும்பா வரவேண்டியிருந்தது. என் பாட்டியும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் போடுவார், கடைச் சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவிடும் என்பார். மாமாவிடம் சொன்னேன். “உன் பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது” என்றார்.

“கிளிஞ்சல் எங்கே பொறுக்குவீர்கள்?”

வேலிப் பக்கம் தாடையைக் காட்டினார். தாழம்புதருக்கு நேர் கீழே ஒரு பாறைத் திட்டு, கடல் வற்றும்போது சில மணி நேரம் வெளியே தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான். முன்பு பாதையில் இறங்கினால் பத்து நிமிடம். இப்போது ஆற்றுமுகம்வரை போய், மணலோடு திரும்பி வர வேண்டும். கடல் ஏறும் முன் பாறையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பதால் பொறுக்குவதற்கு நேரம் மிச்சமில்லை. இந்தச் சட்டியில் இருப்பது போன மாதம் கொண்டுவந்ததில் கடைசி.

இருந்ததில் பாதியை ஒரு மருந்துப் புட்டியில் தட்டித் தட்டி அடைத்து, மூடியின்மேல் துணி கட்டி என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பது இத்தனை நாளில் எனக்குத் தெரிந்திருந்தது. பெரியவர் திண்ணையிலிருந்து வெற்றிலைக் காய் இரண்டை எடுத்துத் தந்தார். கடித்தேன். இன்று கண்ணில் நீர் வரவில்லை.

வண்டி வந்தது. அடுத்து எப்போது கரைக்குப் போவீர்கள் என்று கேட்டேன். பௌர்ணமிக்கு நன்றாக வற்றும், பேத்தியும் வருவாள் என்றார் மாமா. கழுவிய கூடைகள் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது, பன்றித் தாடைகளுக்குக் கீழே திண்ணையில் ஏற்கெனவே கவிழ்ந்திருந்தன.